குளத்து மீனுக்கு உடம்பில்லை

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியதால் வந்தது என்பார் என் வீட்டுக்காரர் ஞானதாஸ். அதற்கு முன்பே இருந்தது என்பது என் அம்மாவுக்குத் தெரியும்.

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பில் நாங்கள் நாலு பெண்கள் வாரம் ஒரு படம் வரைகிறோம். ஒவ்வொரு வாரமும் ஒருத்தி வாட்ஸ்அப்பில் தலைப்பு சொல்வாள். சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் நோட்டோடு கூடுவோம். யாருக்கும் ஒழுங்காக வரைய வராது. கண்ணால் பார்த்ததைத்தான் போட வேண்டும், போனைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது என்பது மட்டும் சட்டம். சட்டம் போட்டது நான்.

போன சனிக்கிழமை அங்கே வைத்துத்தான் ஜெயலக்ஷ்மி கேட்டாள். "மர்சலின், மீன் பொரிக்கறச்சே ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கறியா?"

அவள் எங்களுக்கு நேர் மேல் வீடு. ஒன்பது வருடமாக மீன் வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் மாட்டுப்பெண் மசக்கையோடு வந்திருக்கிறாள், தண்ணீர்கூடத் தங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ரத்னாவும் நஸ்ருன்னிசாவும் பார்த்துக்கொண்டிருக்க அப்படிக் கேட்டது சுருக்கென்று தைத்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே கதைதான். அந்த வாரம் தலைப்பு சொல்வது என் முறை. வீட்டுக்கு வந்ததும் 'மீன்' என்று போட்டுவிட்டேன்.

ரத்னா கட்டைவிரல் காட்டினாள். நஸ்ருன்னிசாவும் காட்டினாள். ஜெயா பார்த்தாள் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

திங்கள், செவ்வாய் என்று நாள்தான் போனது. மாடிப்படியில்கூட அவளைக் காணோம். புதன்கிழமைக்குள் என் கோபம் வடிந்து பயம் வந்துவிட்டது. அவள் விலகிவிட்டால் என்ன செய்வேன்? வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தபோது, கையில் பென்சிலைக் கொடுத்து என்னை மாடிக்கு இழுத்துப் போனவள் அவள்தான். அவள் இல்லாத சனிக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை லூப் ரோடு மீன் கடைகளுக்குப் போய், வழக்கமாக மீன் வாங்கும் சுப்பம்மாவிடம் சின்ன வஞ்சிரம் ஒன்று கேட்டேன். படம் போட வேண்டும், முழுசாக வேண்டும் என்றும் சொன்னேன். அதோடு நிறுத்தாமல் ஜெயாவைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தேன்.

"மசக்கப் பொண்ணு வூட்ல கீதுன்னா வாட ஒத்துக்காதும்மா. இதுக்கு இன்னா கோவம் உனுக்கு?" என்று சொல்லிக்கொண்டே, பழக்கதோஷத்தில் மீனைத் துண்டு போட்டுவிட்டாள்.

கண்ணால் பார்த்ததைத்தானே போட வேண்டும்? வட்ட வட்டமாக ஆறு துண்டு வரைந்தேன். நடுவில் முள். பிறகு ஞானதாஸ் அதைக் குழம்பில் போடச் சொன்னார். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வைத்தேன்.

சனிக்கிழமை மாடிக்குப் போனேன். ரத்னா பல் டாக்டர் கிளினிக்கில் பார்த்த தங்க மீனைப் போட்டிருந்தாள். நஸ்ருன்னிசா தட்டில் எலுமிச்சைத் துண்டோடு வறுத்த மீன். ஐந்தே கால் ஆயிற்று. ஜெயாவின் நாற்காலி காலியாக இருந்தது. ரத்னா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஐந்தரைக்கு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள் ஜெயா. நோட்டைப் பிரித்து மடியில் வைத்தாள். பக்கம் முழுக்க வட்டங்கள், ஒரு நாற்பது இருக்கும். எல்லாம் திறந்த வாய். உடம்பும் இல்லை, வாலும் இல்லை.

"மூணு நாளா சாயங்காலம் கோயில் குளத்தண்டை நின்னுண்டிருந்தேன்" என்றாள். "பொரியைப் போட்டா வாயை மட்டும் மேலே நீட்டறதுகள். உடம்பைக் காட்டவே மாட்டேங்கறதுகள். பார்க்காததைப் போடப்படாதுன்னு நீதானே சட்டம் போட்டே?"

நான் என் நோட்டை மூடப் பார்த்தேன். அதற்குள் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"வாழைத்தண்டு நன்னா வந்திருக்கு. மீன் எங்கே?"

நஸ்ருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இனி மறைக்க முடியாது என்று தோன்றியது.

"ஜெயா, நான் வம்புக்குத்தான் அந்தத் தலைப்பைப் போட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா மூணு நாள் போய் நின்னே?"

"முதல் நாள் உன் மேல கோவத்தோடதான் போனேன்" என்றாள் ஜெயா. "பொரி தீர்ந்துபோச்சு, கோவமும் போச்சு. அப்புறம் ரெண்டு நாள் உனக்காகப் போனேன்."