உள்பக்கத் தாழ்ப்பாள்

இலவசம் என்று எழுதியிருந்தால் போதும், இந்தக் காலத்து ஜனங்கள் கொடுக்கிறவன் யார் எவன் என்று கேட்பதில்லை. கையை நீட்டிவிடுகிறார்கள். நாற்பத்திரண்டு வருஷமாகப் பூட்டு ரிப்பேர் செய்கிறேன். ஒருத்தன் சும்மா ஒரு பூட்டைக் கொடுத்தால் நான் முதலில் கேட்பது, இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான்.

என் மகள் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். வேலையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில். வயிற்றில் ஏழு மாதம். டாக்டர் அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார், எழுந்து நடக்கவே கூடாதாம். அவள் அம்மா துணைக்குப் போய்விட்டாள். ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடம் பாதியில் நின்றது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் வராவிட்டால் அப்புறம் நீயும் வரவேண்டாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அவளுடைய சின்ன லேப்டாப் அந்த வரைபடத்தைத் தாங்காது. படுத்த இடத்திலிருந்தே வீட்டுக் கம்ப்யூட்டரை ஓட்டியாக வேண்டும். அதற்குத்தான் மாப்பிள்ளை மூன்று இலவச சாஃப்ட்வேர் பார்த்து வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

முதலாவது நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அறுந்தது. இதை வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிறீர்கள் போலிருக்கிறது, பணம் கட்டுங்கள் என்று எழுதி வந்ததை மாப்பிள்ளை படித்துச் சொன்னார்.

"பார்த்தீங்களா? நாம என்ன பண்றோம்னு ஜன்னல்ல நின்னு பார்த்துட்டு இருக்கான்."

"அது மெஷின் தானா கண்டுபிடிக்கிறது, மாமா."

"மெஷினுக்குக் கண்ணு வச்சவன் யாரு?"

இரண்டாவது, உள்ளே நுழையும் முன்பே பேர், போன் நம்பர், பிறந்த தேதி எல்லாம் கேட்டது. "எதுக்கு? பொறந்தநாளுக்கு வந்து வாழ்த்தப் போறானா?" என்றேன். மாப்பிள்ளை அதையும் எடுத்துவிட்டார்.

மூன்றாவது ஒன்றுமே கேட்கவில்லை. அதை எப்படிச் செய்தார்கள் என்பதையே யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியில் வைத்திருக்கிறார்களாம்.

"அப்போ திருடனும் பார்ப்பானே?"

"உங்க கடையில பூட்டைப் பிரிச்சு மேசை மேலதானே போட்டிருக்கீங்க, மாமா? பார்த்தவன் எல்லாம் திறந்துட்டானா?"

எரிச்சலோடு, சரி போடுங்கள் என்றேன்.

ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டேன். அதில் நிரந்தரமாக ஒரு பாஸ்வேர்டு வைத்தால் ஆள் இல்லாத வீட்டுக்குள்ளும் வரலாம். வைக்காவிட்டால், வீட்டில் இருப்பவர் பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் வழி. பாஸ்வேர்டு கூடாது, தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கவேண்டும் என்றேன்.

"நெட் அறுந்தா ஒவ்வொரு தடவையும் நீங்க அமுக்கணுமேப்பா?" என்றாள் மகள் போனில்.

"அமுக்குறேன். கை என்ன தேஞ்சா போயிடும்?"

மாப்பிள்ளை வேலைக்குப் போய்விடுவார்; கடையை மூடிவிட்டு மூன்று நாள் நான் உட்கார்ந்தேன். திரையில் ஒரு பெட்டி வரும். அதிலிருக்கிற எண்ணைக் காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்த அவள் லேப்டாப் எண்ணோடு ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்ப்பேன். அதற்குள் அவள் அம்மா போனில் கத்துவாள். "அமுக்கித் தொலைங்களேன்! பெரிய கஜானா காவல்காரர்!"

வெள்ளிக்கிழமை பதினொன்று முப்பத்தைந்துக்கு எதிர்வீட்டு டீச்சர் ஓடிவந்தார். "ஐயா, கதவு சாத்திக்கிச்சு! சாவி உள்ள. அடுப்புல எண்ணெய் காயுது!"

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போன் மேசையிலேயே கிடந்தது. ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். உள்ளே ஸ்பிரிங் முறிந்து குறுக்கே மாட்டியிருந்தது. கதவு திறந்தபோது சமையலறை முழுக்கப் புகை. அடுப்பை அணைத்துவிட்டு நிமிர்ந்தால், சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம்.

ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு நடுத்தெருவிலேயே நின்றுவிட்டது. போனில் பதினேழு அழைப்புகள். நெட் அறுந்திருக்கிறது, அமுக்க ஆள் இல்லை. பெற்ற பெண்ணின் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டேன் என்று நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன்.

அம்புக்குறி தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோடு நீண்டு சுவரானது. ஏதோ பெட்டி திறந்தது, மூடியது. பிறகு எல்லாம் அசையாமல் நின்றது. போன் அடித்தது.

"போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சுப்பா. இன்னும் நாலு நிமிஷம் மிச்சம் இருக்கு."

அப்படியே நாற்காலியில் விழுந்தேன். முதலில் மூச்சு வந்தது. புத்தி அப்புறம்தான் வந்தது.

"யாரு அமுக்கினது?"

"முதல் நாள் நீங்க அமுக்கி உள்ள விட்டீங்களேப்பா, அப்பவே ஒரு பாஸ்வேர்டு வச்சுட்டேன். அவசரத்துக்கு. இன்னிக்குத்தான் முதல் தடவையாத் தொட்டேன்."

"பூட்டுக்காரன் வீட்டுலயே, அவனுக்குத் தெரியாம கள்ளச்சாவி!"

"அது இல்லைன்னா இன்னிக்கு என் வேலை போயிருக்கும். நீங்க எங்க போனீங்க?"

சொன்னேன். "ஊர்க் கதவைத் திறக்கப் போனாராக்கும்!" என்று பின்னாலிருந்து அவள் அம்மா குரல் கேட்டது. மகள் சிரித்தாள். பத்து நாளாகக் கேட்காத சிரிப்பு. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வேணாம்னா இப்பவே எடுத்துடறேன்ப்பா."

"எடுக்காதே. குழந்தை கைக்கு வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

"அப்போ நம்பிட்டீங்க!"

"யாரு சொன்னா?" என்று போனை வைத்தேன்.

இன்றைக்குத்தான் முதல் தடவையாம். அதையும் யார் கண்டது. கம்ப்யூட்டரை அணைக்காமல் எழுந்தேன். அதன் கேமராவில் முதல் நாளே நான் ஒட்டிவைத்த பிளாஸ்திரியை இன்னொரு முறை அழுத்திவிட்டு, கதவைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். தெருவில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தேன்.