எந்தப் பல்லு?

குளிர் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, டிரைவரைக் கம்பளித் தொப்பிக்குள் அடைத்தே தீருவது என்று அவர் மனைவி கங்கணம் கட்டிக்கொண்டு நின்றாள். காதை மூடி, கழுத்தைச் சுற்றி, மூக்கு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி இழுத்துவிட்டாள். அவர் கண்ணாடியில் தன்னையே ஒரு நிமிடம் பார்த்தார்.

"பேங்க்ல கொள்ளையடிக்கப் போறவன் மாதிரி இருக்கேன்."

"அடிங்க. ஆனா வேகமா ஓடக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்காரு. மெதுவா நடந்து வந்து சேருங்க."

நான்கு மாதங்களுக்கு முன்னால் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மூன்று நாட்கள் அதை வாயுத்தொல்லை என்று நம்பி, மாத்திரையை மென்றுகொண்டே பஸ் ஓட்டினார். நான்காம் நாள் டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவள் ராஜ்ஜியம்தான். உப்பு டப்பா எட்டாத அலமாரிக்கு ஏறியது. வறுத்ததும் பொரித்ததும் நாடு கடத்தப்பட்டன. குளிர்காலத்தில் ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், கவனமாக இருங்கள் என்று டாக்டர் சொன்னதும் விடியற்காலை நடை ரத்தாகி, வெயில் ஏறிய பிறகுதான் வாசல் தாண்டலாம் என்று உத்தரவானது. குடும்பத்தோடு சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவரையும், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகளையும் கையோடு கூட்டிப்போய்ப் போட வைத்தவள், தன் முறை வந்தபோது மட்டும் பையைத் தூக்கிக்கொண்டாள். "எனக்கெதுக்கு? தும்மவே நேரமில்லாதவளுக்குக் காய்ச்சல் எங்கேர்ந்து வரும்?" அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் டெய்லர். குளிர் வந்தால் தெருவே பழைய கோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். கை நீளம் பிரிக்க வேண்டும், உள்துணி மாற்ற வேண்டும், எல்லாமே நாளைக்கே வேண்டும்.

அவர்கள் தெரு சரிவில் இருந்தது. இறங்கும்போது ஒன்றும் தெரியாது. பூங்காவரை போய்த் திரும்பும்போதுதான் ஏற்றம். அன்று இருவரும் திரும்பும்போது எதிர்க்காற்று கத்தி மாதிரி முகத்தில் பட்டது. டிரைவர் தன் மூச்சை எண்ணிக்கொண்டு, டாக்டர் சொன்ன வேகத்தில் ஏறினார். பாதி ஏற்றத்தில்தான் தன் பக்கத்தில் செருப்புச் சத்தம் இல்லை என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தார். பத்தடி பின்னால், மூடிக்கிடந்த ஒரு கடையின் படியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். இன்னொரு கையால் தாடையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. பல்லு வலி. ஒரு வாரமா படுத்துது. நீங்க நடங்க, நின்னா உங்களுக்குக் குளிரும்."

அவர் நடக்கவில்லை. இறங்கி வந்து அவளைப் படியில் உட்கார வைத்தார். நெற்றியில் வேர்த்திருந்தது. இந்தக் குளிரில்.

"எந்தப் பல்லு?"

"என்ன?"

"எந்தப் பல்லுன்னு காட்டு."

அவள் விரலைக் கீழ்த்தாடையில் வைத்தாள். பிறகு கொஞ்சம் தள்ளி வைத்தாள். காதுப்பக்கம் போனது, கழுத்துக்கு இறங்கியது, மறுபடியும் தாடைக்கு வந்தது. ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி தேடாத விரல், ஒரு பல்லைக் கண்டுபிடிக்க முடியாமல் அலைந்தது.

"சாப்பிடும்போது வலிக்குதா?"

"இல்ல. மேடு ஏறினா வரும். உக்காந்தா போயிடும்." தான் சொன்னதைத் தானே கேட்டவள் போல அவள் நிறுத்தினாள். "இப்பக்கூடக் குறைஞ்சிடுச்சு பாருங்க. எந்திரிக்கலாம்."

"எந்திரிக்காத."

பஸ் ஓட்டிய இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேரை அவர் அதட்டியிருக்கிறார். படியில் தொங்கியவர்களை, குறுக்கே பாய்ந்தவர்களை. இந்தக் குரல் அப்படி இல்லை. மெதுவாக, கிட்டத்தட்டக் கெஞ்சலாக வந்தது. போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பல்லு வலிக்கு ஆம்புலன்சா? தெருவே பாக்குமே. நாளைக்கு மூணு கோட்டு கொடுக்கணும் நான்."

"பாக்கட்டும். நான் மூணு நாள் வாயுன்னு சொல்லிட்டிருந்தேன். நீ ஒரு வாரமா பல்லுன்னு சொல்லிட்டிருக்க. உனக்கு என்கிட்டேர்ந்து இதத்தான் கத்துக்கத் தோணுச்சா?"

சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் கண் கலங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றி அவள் தலையில் மாட்டினார். அவள் தடுக்கவில்லை. அதுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் விவரம் கேட்டாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? தன்னுடைய ஆறு மாத்திரைகளின் பெயரும் நேரமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மனைவி சொல்லிச் சொல்லி மனப்பாடமானவை. அவளைப் பற்றிக் கேட்டதற்கு அவர் அவளைத்தான் திரும்பிப் பார்த்தார். கட்டிலில் படுத்தபடி அவளேதான் பதில் சொன்னாள்.

"பிரஷர் பாத்தது பொண்ணு பொறந்தப்ப."

"பொண்ணுக்கு என்ன வயசும்மா?"

"இருபத்திரண்டு."

நர்ஸ் அதையும் எழுதிக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்து சுருக்கமாகப் பேசினார். "அடைப்பு இருக்கிற மாதிரிதான் தெரியுது. இன்னைக்கே குழாய் விட்டு உள்ள பாத்துடலாம். பல்லு வலின்னு வீட்லயே இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும்." கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது, அடுப்பை அணைத்தோமா என்று அவள் கேட்டாள். அணைத்தோம் என்றார். மகள் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றார். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் அவர் கையை மட்டும் ஒருமுறை அழுத்தினாள். கதவு மூடிக்கொண்டது.

மகள் கடையிலிருந்து ஓடி வந்தபோது அவர் நடைவழி பெஞ்சில் இருந்தார். அவர் சொல்வதையெல்லாம் அவள் நின்றுகொண்டே கேட்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்தாள். ஜன்னல் வழியாக வெயில் தரையில் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்திருந்தது. அவர் மடியில், கட்டிலடியில் விட்டுப்போயிருந்த மனைவியின் செருப்புகள். இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து தாள் போல மெலிந்திருப்பதை இப்போதுதான் பார்த்தார். கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே, மூடிய கதவைப் பார்த்தபடி இருந்தார்.