மிலோயே நின்ற பக்கம்

தம்பியின் இரங்கல் தாளின் நான்காவது மூலைக்கு நெவென்கா பசை தடவிக்கொண்டிருந்தபோது, பழைய வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய, தம்பியின் இசைக்குழுவைச் சேர்ந்த மூவரையும் அவள் இருபத்தாறு ஆண்டுகளாக அறிவாள். ஒருமுறைகூட உள்ளே அழைத்துக் காபி கொடுத்ததில்லை.

பாடகன் போஷ்கோ வெளிக்கதவில் ஒட்டியிருந்ததைப் படித்தான். மிலோயே, வயது ஐம்பத்து நான்கு, குடிநீர் நிலைய மின்பணியாளர்.

"பேஸ் கிட்டார்னு ஒரு வார்த்த சேத்திருக்கலாமேக்கா."

"நீங்களே கைக்காசு போட்டு நாலு ரெக்கார்டு வெளியிட்டீங்களே, நேத்து எல்லாத்தயும் உக்காந்து கேட்டேன். உன் குரல் கேக்குது. வெஸ்னாவோட கிட்டார் கேக்குது. இந்தத் தடியன் தட்டுறது திஸா ஆத்துக்கு அந்தப் பக்கமே கேக்கும். என் தம்பி எங்கடா?"

டிரம்ஸ் வாசிக்கும் தானிலோ தலையைச் சொறிந்தான். "அது தனியா கேக்காதுக்கா."

"அப்ப அவன் எதுக்கு? வியன்னாவுல வேல வந்துச்சு, போகல. கல்யாணம் பண்ணிக்கல. சனிக்கிழம ஒத்திகை இருக்குக்கான்னு சொல்லியே காலத்த ஓட்டிட்டான். காதுல விழாத ஒண்ணுக்காகவா?"

சடங்குக்காக வேகவைத்த கோதுமைத் தட்டை வெஸ்னா பெஞ்சிலிருந்து எடுத்து, சிந்தாமல் வேனில் வைத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் தம் பங்கை ஒழுங்காக முடித்து விலகினார். உறவினர் ஆளுக்கொரு பிடி மண் போட்டனர். பிறகு ஒரு கிட்டார், ஒற்றை டிரம், ஒரு குரல். முதல் சரணம் பிசிறில்லாமல் முடிந்தது. அடுத்து போஷ்கோ நேரே கடைசிச் சரணத்துக்குத் தாவினான். வெஸ்னா இரண்டாம் சரணத்திலேயே நின்றாள். தானிலோவின் குச்சிகள் இருவருக்கும் நடுவில் தடுமாறின. பாட்டு அப்படியே நின்றுபோயிற்று. யாரோ இருமினார்கள்.

"ரெண்டாவத முழுங்கிட்டான்," என்றாள் வெஸ்னா.

"என்னிக்குத்தான் முழுங்கல? எல்லாக் கச்சேரியிலயும் எதையாவது முழுங்குவான்," என்றான் தானிலோ.

நெவென்கா நிமிர்ந்தாள். "எல்லாக் கச்சேரியும் இப்படித்தான் பாதியில நிக்குமா?"

"ஒண்ணுகூட நின்னதில்லக்கா," என்றான் தானிலோ. " மிலோயே இவன் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சு, கூடவே தாவிடுவான். நாங்க மிலோயே விரலப் பாத்து ஒட்டிக்குவோம். பாட்டே அப்படித்தான்னு ஜனம் நெனச்சுக்கும்."

போஷ்கோவின் முகம் வெளிறியது. "எங்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்லையே."

"அவன்தான் சொல்லக் கூடாதுன்னுட்டான். சொன்னா பயந்து இன்னும் முழுங்குவியாம்."

நெவென்கா தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"மொதல்லருந்து வாசிங்க," என்றாள். "ஒண்ணும் விடாம."

மூவரும் தயாரானார்கள். தொடங்குமுன், வழக்கம்போல, மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் திரும்பின. நெவென்காவும் திரும்பிப் பார்த்தாள். அங்கே மண்வெட்டியில் சாய்ந்து நின்ற குழிவெட்டுபவர், நான்கு பேரும் தம்மையே பார்ப்பதைக் கண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார்.