கடைசிப் புதிரின் ஓட்டை

"இந்தப் பலகைய அப்பால எடுத்துரட்டுமாக்கா? தலைமாட்டுல வெளக்கு வைக்கணும்" என்று பக்கத்து வீட்டு பேபி கையை நீட்டியதும் பார்வதம் தடுத்தாள்.

"நீ தொடாத. காய் நகர்ந்துடும்."

வீராசாமி விடியற்காலையில் போயிருந்தார். சேக்காட்டு வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியாயிற்று. வாசலில் பாடைக்கு மூங்கில் பிளக்கிறார்கள். அவர் பெண்டாட்டி பார்வதமோ செஸ் பலகையை அலுங்காமல் ஏந்திப் போய் ஜன்னலோரம் வைத்துவிட்டு, அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"புருசன் பூட்டான், இவளுக்கு ஆட்டம் கேக்குது பாரு" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஷிஃப்ட் முடிந்து வந்தால் வீராசாமிக்கு வேறு வேலை கிடையாது. நாலைந்து காய்களை வைத்துப் புதிர் கட்டுவார். வெள்ளை ஜெயிக்க வேண்டும். அதற்கு வழி ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது வழி வந்தால் புதிர் ஓட்டை. கட்டியதை முதலில் பார்வதத்திடம்தான் காட்டுவார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு டீ அவர் போட வேண்டும். அதற்கப்புறம்தான் பூந்தமல்லியில் இருக்கும் சிநேகிதன் சம்பத்துக்குப் போகும். சம்பத்தும் ஒன்றையாவது உடைத்துவிட வேண்டுமென்று வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறான், முடியவில்லை.

பலகையில் இருந்த இது மட்டும் படுக்கையில் கிடந்தபடி கட்டியது. நேற்று சாயங்காலம் "வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். கஞ்சி பொங்குகிற அவசரத்தில், "சும்மா கெடய்யா, காலைல பாக்கலாம்" என்றுவிட்டாள்.

இப்போது பார்த்தாள். வெள்ளைச் சிப்பாய் கடைசிக் கட்டத்தில் ஏறும். ஆசைப்பட்டு அதை ராணியாக்கினால், கறுப்பு ராஜாவுக்குச் செக்கும் இருக்காது, நகர இடமும் இருக்காது. ஆட்டம் முடங்கி டிரா. யானையாக்கினால்தான் ஜெயிக்கலாம். நல்ல பொறிதான். ஆனால் மூலையில் ஒரு கறுப்புச் சிப்பாய்க்கு முன்னால் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அது நகர்ந்துவிடுமே! அப்புறம் முடக்கம் ஏது? ராணியாக்கியும் ஜெயித்துவிடலாம்.

ஐயோ என்றிருந்தது அவளுக்கு. நேற்றே பார்த்துத் தொலைத்திருந்தால் அவரே சரி செய்திருப்பார். சம்பத் வருவான். கடைசியில் அண்ணாத்தேயை மடக்கிவிட்டேன் என்று நாலு பேரிடம் சொல்லாமலா இருப்பான்?

வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. அந்த மூலையில் எதிரே நின்ற வெள்ளைச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளி, கறுப்பின் மூக்கில் முட்ட வைத்தாள்.

சம்பத் மாலையைப் போட்டுவிட்டு, வீராசாமியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். எழுந்தபோது பலகை கண்ணில் பட்டது. வந்து குந்தினான்.

"அண்ணாத்தே கட்டுனதா அண்ணி?"

"ஆமா. கடைசியா."

வெகுநேரம் பார்த்தான். "ராணி எடுத்தா மாட்டிக்குவேன். யானைதான்." மூலைச் சிப்பாயை விரலால் தொட்டான். "இத்தையும் அடச்சி வச்சிகீறாரு பாரு! ஒரு ஓட்டகூட இல்ல அண்ணி."

பார்வதம் தலையாட்டினாள்.

பேபி டம்ளரோடு வந்தாள். "ராத்திரிலேர்ந்து வாயில ஒண்ணும் படல. இந்த டீயக் குடி அக்கா."

"இன்னிக்கி அவுருதான் போடணும்" என்றாள் பார்வதம்.

பேபிக்கு ஒன்றும் புரியவில்லை. டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நகர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் டீயில் ஆடை படிந்தது.