தலைக்குப் பெரிய தொப்பி

கடைக்காரர் தொப்பியை மேசைமேல் வைத்து அதன் உச்சியில் அரைத் தம்ளர் தண்ணீரை ஊற்றினார். ஊற்றிவிட்டு, கைதட்டலுக்குக் காத்திருக்கும் மந்திரவாதி போல இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“பாருங்க சார். ஊறுதா?”

ஊறவில்லை. தண்ணீர் மணிமணியாகத் திரண்டு உச்சிப் பள்ளத்தில் கூடி நின்றது. வேறு யாராவது என்றால் பிரமாதம் என்று சொல்லியிருப்பார்கள். தொப்பி வாங்க வந்த சின்ன மாப்பிள்ளை குனிந்து உச்சியை உற்றுப் பார்த்தான். வீட்டில் இதே பரீட்சையை வைக்கப்போகிறவர் கைதட்டலுக்காக வைப்பவர் அல்ல.

அவனுடைய மாமனார் குடைக் கம்பெனியில் தரம் பார்க்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு குடையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கம்பிகளைத் தட்டி, தண்ணீர் அடித்துப் பார்த்து, கடைசியில் ஓரமாக எறிவதையே ஆயுள் முழுக்கச் செய்தார். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ரிஜெக்ட் சார். அவர் எதையும் பாஸ் பண்ணினதை யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் வேலையை விடவில்லை. மகள், மருமகன், பால்காரர், பக்கத்து வீட்டு நாய் எல்லாருமே ஒரு கட்டத்தில் ஓரமாக எறியப்பட்டவர்கள்தான். சின்ன மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக் என்று பெண் பார்க்க வந்த அன்றே தெரிந்துகொண்டு, “மேல போறீங்க, கீழ வர்றீங்க. ஆனா ஒரு அடிகூட முன்னால போகலையே மாப்ளே” என்றார். மரியாதையாக, வாங்க போங்க என்றுதான் சொல்வார். அதனால் காயம் கொஞ்சம் ஆழமாகவே இறங்கும்.

ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று குடும்பம் கூடி முடிவெடுத்தது. முடிவெடுத்த வாரமே இளைய மகள், சின்ன மாப்பிள்ளையின் மனைவி, ஒரு தப்புச் செய்தாள். பற்பசை தீர்ந்துபோக, சின்னக் குழாயாக வாங்கி வந்துவிட்டாள்.

“ஏன் சின்னது?” என்றார் அவர்.

“கடையில அதான்ப்பா இருந்தது.”

அவர் குழாயைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவும் இல்லை. அதிலிருந்து வீட்டுக்குள் சின்னதாக எதுவும் வரவில்லை. பற்பசை, சோப்பு, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் எல்லாம் ஹோட்டலுக்கு வாங்குகிற அளவில் வந்து இறங்கின. மூத்த மாப்பிள்ளை தன் பங்குக்கு அடுத்த வருஷ டைரி ஒன்றைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். அறை குடோன் மாதிரி ஆகிவிட்டது. மாமனார் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைப்பார்.

நேற்று அவர் தொப்பி கேட்டார்.

“எழுந்ததும் காலையில நடக்கலாம்னு இருக்கேன் மாப்ளே. மழை வெயில் ரெண்டும் தாங்கணும். வருஷக்கணக்கா உழைக்கணும்.”

“குடை வாங்கிட்டு வரட்டுமா மாமா?”

“குடையைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க. அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

அதனால்தான் இந்தக் கடை. மட்டமான தொப்பியைக் கொண்டுபோனால் அவர் தொட்டதும் கண்டுபிடித்துவிடுவார். இனி இவனுக்கு எதற்கு உழைக்கிற சாமான் என்று நினைத்துவிட்டார்கள் என்பதையும் அதே கையால் கண்டுபிடித்துவிடுவார். டாக்டர் சொல்லாததை ஒரு தொப்பி சொல்லிவிடும். வாங்கிப்போனவன் பெயர் அதில் என்றைக்கும் இருக்கும்.

“இது முயல் ரோமம்” என்றார் கடைக்காரர். “நெய்தது இல்ல சார். நீராவியில காட்டி அழுத்தி அழுத்தி ஒட்டவச்சது. நனைஞ்சா உதறிட்டுப் போட்டுக்கலாம். அந்தப் பக்கம் இருக்கறது கம்பளி. பார்க்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். நாலு மழை பார்த்தா தம்பி தொங்கிடுவான். தொப்பிங்கறது சார், ஒரு மனுஷனோட…”

“எத்தனை வருஷம் வரும்?”

“போடறவர் இருக்கற வரைக்கும் வரும்.”

சொல்லிவிட்டு அவர் தானே சிரித்தார். அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்தோ என்று பயந்து எடுத்தான். மூத்த மாப்பிள்ளை.

“சகலை, இன்னுமா தொப்பி பார்க்கறே? எதையாவது ஒண்ணை எடுத்துட்டு வாப்பா. கம்பளியே போதும். யாரு நனையப் போறா?” மூத்தவர் குரலைத் தாழ்த்தினார். “அது கிடக்கட்டும். ‘ஒரு சகாப்தம் சரிந்தது’ன்னு ஆரம்பிக்கட்டுமா, ‘ஒரு சரித்திரம் முடிந்தது’ன்னு ஆரம்பிக்கட்டுமா?”

“அவர் இப்ப உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருக்காரு.”

“அதான் இப்பவே கேக்கறேன். கடைசி நேரத்துல அவசரப்பட்டு எழுதினா நல்லா வராது.”

மூத்தவர் பல சங்கங்களுக்குத் தலைவர். மைக்கைக் கண்டால் அவருக்குக் கால் நிற்காது. மைக்கைப் பிடித்த பிறகு வாய் நிற்காது. ஒருமுறை கரண்ட் போனதால்தான் ஒரு பாராட்டு விழா முடிந்தது.

போனை வைத்துவிட்டு அவன் முயல் ரோமத் தொப்பியையே காட்டினான்.

“தலை என்ன அளவு சார்?”

பையிலிருந்து இரண்டு நூல்களை எடுத்து மேசைமேல் வைத்தான். நீலநூல், மாமனார் கம்பெனியில் போட்டுக்கொண்டிருந்த தொப்பியில் அளந்தது. வெள்ளைநூல், இன்று காலை அவர் தூங்கும்போது மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தது. கடைக்காரர் இரண்டையும் நீவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெள்ளை ஒரு விரல் அகலம் குறைவாக இருந்தது.

“ரெண்டு பேருக்கா?”

“இல்ல. ஒருத்தருக்குத்தான்.”

கடைக்காரரின் பேச்சு முதல் தடவையாக நின்றது. பிறகு அவர் ஏணியில் ஏறி, பெரிய அளவுத் தொப்பியை எடுத்துத் துடைத்தார். ஒரு காகிதத்தை நீளவாக்கில் மடித்து, தொப்பியின் உள்ளே நெற்றி படுகிற தோல் பட்டைக்குப் பின்னால் செருகினார்.

“இப்ப சரியா இருக்கும். தலை பழையபடி ஆனதும் எடுத்துடலாம்.”

“பட்டையைத் தூக்கிப் பார்த்தா தெரியுமா?”

“தொப்பி வாங்கினா யாரு சார் பட்டையைத் தூக்கிப் பார்க்கறா?”

அவனுக்கு ஒருவரைத் தெரியும்.

மழை பிடித்துவிட்டது. தொப்பிப் பெட்டியைச் சட்டைக்குள் பாதி நுழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். வீட்டுக் கட்டடத்தின் லிஃப்டில் ஏறியவன், இரண்டு மாடிகளுக்கு நடுவில் அதை நிறுத்தினான். அவன் கையால் பராமரிக்கும் லிஃப்ட். உலகத்தில் அவனுக்குப் பயமில்லாத இடம் இது ஒன்றுதான். காகிதத்தை எடுத்துவிடலாமா? எடுத்தால் தொப்பி கண்ணை மறைக்கும். தலை சிறுத்துவிட்டது என்பது அவருக்கே தெரிந்துவிடும். வைத்தால் பட்டையைத் தூக்குவார். பட்டையைத் தூக்காமல் இருப்பாரா? மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தபோது அதன் தையலைப் பிரித்தே பார்த்தவர். காகிதத்தைப் பாதி இழுத்தான். மறுபடி உள்ளே தள்ளினான். போன் அடித்தது.

“ஏங்க, எங்க இருக்கீங்க?”

“லிஃப்ட்ல.”

“சீக்கிரம் வாங்க. பேப்பரைக் கீழ போட்டுட்டார். பேச்சு ஒரு மாதிரியா இருக்கு. தொப்பி எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்கார்.”

மாமனார் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கு மட்டும் அப்படியே இருக்க, முகத்தின் மற்றவை எல்லாம் அதைவிட்டு விலகிப் போயிருந்தன. மூச்சு வாங்கியது. இருந்தாலும் பெட்டியைப் பார்த்ததும் கை நீண்டது.

முதலில் முகர்ந்து பார்த்தார். விளிம்பை மடக்கி விட்டார். அது பழைய இடத்துக்குத் திரும்பியது. நகத்தால் சுரண்டினார். வெளிச்சத்தில் பிடித்தார். மகள் சின்ன மாப்பிள்ளையின் முழங்கைக்குப் பின்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டைவிரல் தோல் பட்டைக்குள் நுழைந்தது. அங்கேயே நின்றது. பிறகு காகிதத்தை மெல்ல வெளியே இழுத்தது.

“இது என்ன?”

“கடைக்காரர் வச்சது மாமா. ஷேப் கெடாம இருக்கறதுக்கு…”

மாமனார் காகிதத்தைப் பிரித்தார். மடிப்பின் தடிமனை விரல்களுக்கு நடுவில் அளந்தார். சுவரில் கம்பெனி கொடுத்த போட்டோவில் அதே பழைய தொப்பியோடு அவர் நின்றுகொண்டிருந்தார். அதை ஒரு தடவை பார்த்தார். மகள் பிடித்திருந்த சட்டை இறுகியது. அவர் முகத்தைப் பார்க்கும் துணிவில்லாமல் சின்ன மாப்பிள்ளை காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது வேண்டாம்” என்றார் அவர், மகளைப் பார்த்து. “நான் எழுந்து ஒழுங்கா சாப்பிட்டா தலை தானா நிறைஞ்சுடும். என்னம்மா?”

“ஆமாம்ப்பா” என்றாள் அவள்.

“பின்னே எதுக்குக் காகிதம்?” காகிதத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். “தண்ணி கொடு.”

குடிக்கத்தான் கேட்கிறார் என்று அவள் தம்ளரை வாயருகே கொண்டுபோனாள். அவர் அதை வாங்கித் தொப்பிமேல் சாய்த்தார். பாதி போர்வையில் கொட்டியது. மீதி, மணிமணியாகத் திரண்டு நின்றது. மூவரும் அதையே பார்த்தார்கள். கடையில் அரைத் தம்ளரில் முடிந்த பரீட்சை. இங்கே சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் அசையவில்லை. ஊறவில்லை.

அவர் தொப்பியை இரண்டு கைகளாலும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். அது நெற்றியில் நிற்காமல் புருவத்தைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, மூக்குத்தண்டில் போய் நின்றது. வழிந்தது போக, உச்சிப் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தங்கியது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தொப்பிக்குள்ளிருந்து குரல் வந்தது. “பாஸ்.”

கல்யாணமான நாளிலிருந்து அவன் அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டதில்லை. மகள் பால் காய்ச்சிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிச் சமையலறைக்குள் ஓடினாள்.

“போயிட்டாளா?” என்றார் மாமனார்.

“போயிட்டா மாமா. தொப்பியை எடுத்துடட்டுமா?”

“வேண்டாம். இருக்கட்டும்.” கை துழாவி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. குளிர்ந்திருந்தது. “மாப்ளே, கண்ணை மூடினா கீழ போற மாதிரி இருக்கு. ராத்திரியெல்லாம் அப்படித்தான். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

அந்தக் குரலை அவனுக்குத் தெரியாது. அவனுக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் அவரைப் பார்த்துப் பயந்த பயம் இல்லை. அது பழகிப்போனது.

“கேளுங்க மாமா.”

“உங்க லிஃப்ட்ல கயிறு அறுந்துட்டா?”

“ஒரு கயிறு இல்ல மாமா. பல கயிறு இருக்கும்.”

“எல்லாமே அறுந்துட்டா?”

தொப்பியின் உச்சியில் தண்ணீர் மூச்சுக்கு மூச்சு நடுங்கியது.

“அப்பவும் விழாது. பெட்டிக்கு ரெண்டு பக்கமும் தாடை மாதிரி ஒண்ணு இருக்கு. வேகம் கூடினதும் அதுவாவே பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விக்கும். ஒரு குலுக்கல். அவ்வளவுதான். நின்னுடும்.”

“டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?”

“பண்ணியிருக்கேன்.”

“ஆள் உள்ள இருக்கறப்போ?”

அதை மணல் மூட்டை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஆளை ஏற்றுவதில்லை. எந்தப் பொய்யையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுகிற மனுஷரிடம், அவன் ஒரு பொய்யையும் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. துணிந்ததில்லை.

“நானே உள்ள இருந்திருக்கேன் மாமா.”

தொப்பி கொஞ்ச நேரம் யோசித்தது. “ம்” என்றது.

விரல்கள் இறுகின. ஜன்னலில் மழை சாத்திக்கொண்டிருந்தது. சமையலறையில் ஒருவழியாக அடுப்பில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அவன் மணிக்கட்டை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். பேச வேண்டும்போல இருந்தது, கயிறுகளைப் பற்றியோ மோட்டாரைப் பற்றியோ எதையாவது. ஏதோ ஒரு நேரத்தில், விரல்கள் அப்படியே இருக்க, பிடிப்பது மட்டும் நின்றிருந்தது. அவன் உடனே தொப்பியைப் பார்த்தான். அப்புறம் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதைத் தூக்கவும் இல்லை.

வாசல் கதவு திறந்தது. மூத்த மாப்பிள்ளை குடையோடு உள்ளே வந்தார். காற்று அதை மல்லாக்கப் புரட்டிப் போட்டிருந்தது. கம்பிகள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. சட்டைப்பையில் மடித்த தாள் நனைந்து மை இறங்கியிருந்தது.

“தூங்கறாரா?” என்றார் கிசுகிசுப்பாக.

மூத்தவர் தொப்பியைப் பார்த்தார். மணிக்கட்டில் இருந்த கையைப் பார்த்தார். வாயைத் திறந்து, “ஒரு…” என்றார். மூடிக்கொண்டார். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவோரத்திலேயே நின்றார். அதிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

நடையில் காலடிச் சத்தம் கேட்டது.

“அப்பா, பால் ரொம்பச் சூடா இருக்கு, ஆத்தித் தரட்டுமா?”

“மெதுவா வா” என்றான் சின்ன மாப்பிள்ளை.

தொப்பியின் உச்சிப் பள்ளத்தில் தண்ணீர் அப்படியே இருந்தது. ஊறவில்லை. நடுங்கவும் இல்லை.