இரண்டு வெள்ளைப் பூவும் அக்காவின் கைகளும்

1

இந்தக் கதை ஒரு பூவிலிருந்து வந்தது. இரண்டு வெள்ளைப் பூச்செடிகளைக் கலந்தால் ஊதாப் பூ பூக்கலாம் என்று படித்தேன். இரண்டும் வெளுத்ததற்குக் காரணமான மரபணு வேறு வேறாம். இதில் பழுதானது அதில் நன்றாக இருந்ததாம். சும்மா இருக்க முடியவில்லை. பூவை விட்டுவிட்டு ஆட்களைத் தேடினேன்.

2

அவள் தையல்காரி. அவன் வெல்டர். இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. பாவம், அவர்களுடைய மௌன உலகில்...

(கடைசி வரியை அடித்துவிட்டேன். அவள் மேஜையைத் தட்டி அவனைக் கூப்பிட்டால் பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வருவார். மௌனமாவது மண்ணாங்கட்டியாவது!)

கல்யாணப் பேச்சு வந்ததும் அவள் அக்கா குறுக்கே நின்றாள்.

"பொறக்கற பிள்ளைக்கும் கேக்காம போனா?"

அக்கா மனசுக்காக இருவரும் மரபணுப் பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள்.

3

டாக்டரம்மா பேசப் பேச அக்காதான் சைகையில் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் அதுதான் வழக்கம்.

"ரெண்டு பேருக்கும் வேற வேற மரபணுவுலதான் கோளாறு. இவங்களுக்குக் கெட்டுப்போனது அவருக்கு நல்லா இருக்கு. அவருக்குக் கெட்டது இவங்களுக்கு நல்லா இருக்கு. பிள்ளைக்கு ரெண்டுலயும் ஒவ்வொரு நல்ல பிரதி கிடைச்சிடும். அநேகமா காது கேக்கும்."

"அப்பாடா!" என்று கத்திய அக்கா, டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சைகை செய்யவே மறந்துபோனாள். சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"உங்கக்காவுக்கு என்ன, லாட்டரி விழுந்துடுச்சா?" என்று வெல்டர் கையாட்டிக் கேட்டான்.

4

(இனி எல்லாம் சைகை. பேச்சாக எழுதுகிறேன், வேறு வழி தெரியவில்லை.)

தங்கை அக்காவின் தோளைத் தட்டினாள். "சொல்லிட்டு அழு."

"பிள்ளைக்குக் காது கேக்குமாம்டி! இனி எனக்கு முழுச் சம்மதம்!"

"கேக்காதுன்னு சொல்லியிருந்தா?"

அக்காவின் கைகள் மடியில் விழுந்தன.

"நாங்க அனுமதி வாங்க வரலக்கா. டாக்டர் என்ன சொன்னாலும் இந்தக் கல்யாணம் நடக்கும். கேக்காத பிள்ளை பொறந்தா என்னை மாதிரி இருக்கும், அவ்வளவுதானே? அப்பவும் நீ கல்யாணத்துக்கு வந்து நின்னிருப்பியா?"

5

முடிவு ஒன்று: அக்கா அவளைக் கட்டிப்பிடித்து...

(கூடாது. கட்டிப்பிடித்தால் கைகள் பேச முடியாது. தப்பிக்க விட்டதாகிவிடும்.)

முடிவு இரண்டு: 'வந்திருப்பேன்' என்று அக்கா உடனே...

(பொய். எழுதி எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை.)

அக்கா மடியிலிருந்து கைகளைத் தூக்குகிறாள். அவற்றை நான் அசைக்கலாம். அசைக்க மாட்டேன். நீங்கள் அக்காவின் நாற்காலியில் உட்காருங்கள், பதில் சொல்லுங்கள். வாயால் வேண்டாம். தங்கை உங்கள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.