குட்டி கீறினதுதானே

பரிமளம் தேயிலை ரின்னின் மூடியைத் திறந்து மூக்கருகே பிடித்தாள். தேயிலை மணம்தான். சீனிப் போத்தலுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குசினி யன்னலால் விறாந்தையைப் பார்த்தாள்.

தம்பி வாகீசன் பெட்டிக்குள் கிடந்தான். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொல்லித்தான் ஆசுப்பத்திரியில் கொடுத்துவிட்டார்களாம். சனம் வாய்க்கரிசியை மூடியின் மேல் போட்டுவிட்டு விலகியது. ஏன் திறக்கக்கூடாது? நாற்பத்தொரு வயது. போன வெள்ளி வரைக்கும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தவன் மூன்றே நாளில் முடிந்துபோனான்.

சனிக்கிழமை அவள் கண்ணாலேயே கண்டாள். இந்துஜா தேத்தண்ணியை நீட்ட, பேணி வாய்க்குக் கிட்ட வருமுன்னே அவனுடைய தொண்டை இழுத்துக்கொண்டது. பேணியைத் தட்டிவிட்டான். "கொண்டு போ! கொண்டு போ!" என்று கத்தினான். கட்டிய பெண்சாதியின் கையால் ஒரு மிடறு குடிக்கப் பயந்தவன் எதைக் கண்டு பயந்தான்?

இந்துஜா வெறும் பேணிகளோடு குசினிக்குள் வந்தாள். முகத்தில் கண்ணீர் இல்லை. அதுவும் பரிமளத்தின் மனதில் பட்டது.

"அவனுக்கு என்ன குடுத்தனீர்?"

இந்துஜா திறந்து கிடந்த தேயிலை ரின்னைப் பார்த்தாள். மூடியை எடுத்து அழுத்தி மூடினாள். வெளியே போய்விட்டாள்.

பத்து மணிபோல் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பெட்டியைப் பார்த்துத் தலை குனிந்தார். இந்துஜாவைக் கிணற்றடிப் பக்கம் கூப்பிட்டார். பரிமளமும் பின்னால் போனாள்.

"விசர்நாய் வருத்தம், ரேபீஸ் எண்டு ஆசுப்பத்திரியால அறிவிச்சிருக்கினம். எப்ப கடிச்சது அம்மா?"

"கடிக்கேல்லை. கீறினது" என்றாள் இந்துஜா. "ரெண்டு மாசத்துக்கு முந்தி, கணுக்கால்ல. நான் சண்டை பிடிச்சுத்தான் ஊசி போட அனுப்பினனான். சேட்டும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவர். அரை மணித்தியாலத்தில திரும்பி வந்திட்டார்."

"ஏன்?"

"தேவையில்லை எண்டு சொல்லிச்சினமாம். ஆர் எண்டு சொல்லேல்லை."

அன்றைக்குப் பரிமளத்தின் வீட்டுப் படலையடியில்தான் மோட்டார் சைக்கிள் நின்றது. வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது, தண்ணீர் இறைக்க ஆளில்லை. "குட்டி கீறினதுதானே. பல்லும் படேல்லை. இதுக்குப் போய் யாழ்ப்பாணமோ? மஞ்சளைப் பூசிப்போட்டு வந்து மோட்டரைப் போடு" என்றிருந்தாள். அக்கா சொல்லை அவன் தட்டுவதில்லை. சிரித்துக்கொண்டு இறங்கினான்.

"கீறல் எண்டாலும் சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவிப்போட்டு அண்டைக்கே ஊசி போட்டிருந்தா…" பரிசோதகர் விறாந்தைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அந்த நாய் இப்ப எங்க?"

"மச்சாளின்ர குட்டி. ஆருக்கோ குடுத்திட்டன் எண்டு சொன்னவ."

இந்துஜாவின் கண் பரிமளத்தின்மேல் வந்து நின்றது. இவளுக்குத் தெரியுமோ? எவ்வளவு தெரியும்? ஓம், குடுத்திட்டன் என்று இன்னொருக்காச் சொன்னால் போதும். ஆரும் தோண்டிப் பார்க்கப்போவதில்லை.

குசினி வாசலில் தலை வாரி இழுக்காமல் நின்றாள் வினோஜா. தம்பியின் ஒரே பிள்ளை, எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டால் நேரே பரிமளம் மாமி வீட்டுக்கு வந்து குட்டியை மடியில் தூக்கி வைத்திருந்தவள்.

"செத்துப்போச்சு" என்றாள் பரிமளம். "அவனைக் கீறி நாலாம் நாள் செத்தது. வாயால வீணி வடிஞ்சது. பின்வளவுக்கை கிடங்கு வெட்டித் தாட்டனான். சனம் கதைக்கும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை." வினோஜாவின் முழங்காலைக் காட்டினாள். "ஐயா, பிள்ளையின்ர முழங்கால் புண்ணை அது நக்கினது. என்னையும் கீறினது."

பரிசோதகர் எழுதிக்கொண்டிருந்த கொப்பியை மூடினார். "இண்டைக்கே போகோணும். பிரேதத்தை எடுத்த உடனை. இந்த வருத்தம் வந்தாப் பிறகு மருந்தில்லை. வரமுதல் போட்டால்தான்." இந்துஜாவின் பக்கம் திரும்பினார். "நீங்களும் அம்மா. கடைசி நாள்களில அவரின்ர வாய் துடைச்சிருப்பியள்."

இந்துஜா பிள்ளையை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். பரிமளத்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

மத்தியானம் ஆண்கள் பெட்டியோடு சுடலைக்குப் போக, மூவரும் கிணற்றடியில் தோய்ந்துவிட்டு ஓட்டோவில் ஏறினார்கள். ஓட்டோ கடல்பாலத்தால் யாழ்ப்பாணம் போனது. ஈரத் தலையோடு வினோஜா நடுவில் இருந்தாள்.

ஆசுப்பத்திரியில் இரண்டு கைகளிலும் ஊசி போட்டார்கள். வினோஜா அழுதாள், அப்பா எங்கே என்று கேட்டு அழுதாள். தாதி மூன்று ஊசி அட்டைகளிலும் அடுத்த திகதிகளை எழுதி, ஒன்றையும் தவறவிடக் கூடாது என்று சொல்லிக் கதிரையில் வைத்தாள்.

"இந்துஜா" என்றாள் பரிமளம். "அண்டைக்கு மறிச்சது ஆர் எண்டு… அவன் உமக்குச் சொன்னவனோ?"

இந்துஜா அட்டைகளை எடுத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். பரிமளம் தன்னுடையதற்குக் கை நீட்டினாள்.

"உங்கடையும் என்னட்டையே இருக்கட்டும் மச்சாள். வெள்ளிக்கிழமை ஏழரைக்கு வெளிக்கிட்டு நில்லுங்கோ. நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

மூன்றையும் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினாள்.